கைக்கும் ஒரு விலை உண்டு

கடதாசி என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது அச்சகமும் புத்தகசாலையும்தான். கடதாசியை வீட்டு முற்றத்திலேயே செய்யலாம், அதைக் கொண்டு கொப்பி, கடித உறை, அழைப்பிதழ் முதலியவற்றைச் செய்து விற்கலாம், அதில் இரண்டு மூன்று குடும்பங்கள் பிழைக்கலாம் என்று சொன்னால் சிலர் நம்புவதில்லை. கண்டி - மாத்தளை வீதிக்கு அண்மையிலுள்ள எமது சிற்றூரில் 2016ஆம் ஆண்டு முதல் என் மனைவி இத்தொழிலை நடத்தி வருகிறாள். நான் பாடசாலையில் அரபும் இஸ்லாமும் கற்பிக்கும் ஒரு மவ்லவி. தொழிலின் சொந்தக்காரி அவள்தான். நான் அஸருக்குப் பின் வந்து சேரும் உதவியாள்.

இத்தொழிலுக்கு எங்கள் வீட்டில் விதை விழுந்த இடம் நான் ஓதிய அரபுக் கல்லூரி. அங்கே கிதாபுகள் ஒரு தலைமுறை மாணவரிடமிருந்து மறு தலைமுறைக்குக் கைமாறும். முதுகு பிளந்து, தாள்கள் கழன்று வரும் கிதாபை ஓதுவதற்கு முன் அதைத் தைத்துக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது எமது உஸ்தாதின் சட்டம். தாள்களை மடித்து, குத்தூசியால் துளையிட்டு, மெழுகு தடவிய நூலால் தைத்து, கோதுமை மாப் பசையில் சிறிது மயில்துத்தம் கலந்து அட்டை ஒட்டுவதை அவரிடம்தான் கற்றோம். மயில்துத்தம் சேர்த்த பசையைப் பூச்சி அரிக்காது. திருமணத்தின் பின் என் பழைய கிதாபுகளைக் கண்ட மனைவி, "இதே மாதிரி வெறுங்கொப்பி கட்டினா ஆக்கள் வாங்க மாட்டாங்களா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் தொழிலாயிற்று.

உண்மையில் இது எமக்கு அந்நியமான தொழிலும் அல்ல. எட்டாம் நூற்றாண்டில் ஸமர்கந்தில் கடதாசி செய்யப்பட்டது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஹாரூன் ரஷீதின் பக்தாதிலும் கடதாசித் தொழில் வேரூன்றியது. கந்தைத் துணியைக் கூழாக்கி, தாளாக எடுத்து, மாக்கஞ்சி பூசி, கல்லால் தேய்த்து மினுக்கினார்கள். கடதாசி விற்றவர்களும் நூல்களைப் பிரதி செய்து கட்டிக் கொடுத்தவர்களும் ‘வர்ராக்’ எனப்பட்டனர். 987ஆம் ஆண்டளவில் ‘அல்-ஃபிஹ்ரிஸ்த்’ என்ற புகழ்பெற்ற நூற்பட்டியலை எழுதிய இப்னு நதீம் அத்தகைய ஒரு வர்ராக்தான். இன்று நாம் கடையில் ‘ஒரு ரீம் கடதாசி’ என்று கேட்கிறோமே, அந்த ‘ரீம்’ என்ற சொல்லும் கட்டு என்ற பொருள் தரும் ‘ரிஸ்மா’ என்ற அரபுச் சொல்லிலிருந்து ஐரோப்பா சென்று திரும்பி வந்ததாகும். ஸமர்கந்தில் செய்ததைப் போன்ற வேலையைத்தான் எமது வீட்டுப் பெண்கள் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் செய்கிறார்கள்.

எமது வீட்டில் வேலை ஸுபஹுத் தொழுகைக்குப் பின் தொடங்கும். முந்திய நாள் ஊறப்போட்ட கழிவுக் கடதாசியை அரைத்துக் கூழாக்குவது முதல் வேலை. கண்டியிலுள்ள அச்சகங்களில் ஓரம் வெட்டும்போது விழும் துண்டுகளைக் கிலோக் கணக்கில் வாங்கி வருகிறோம். பழைய கொப்பிகளும் வரும். அவற்றிலுள்ள ஸ்டேப்ளர் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். ஒரு கம்பி தவறினாலும் பிளெண்டரின் அலகு போய்விடும்.

கம்பியை விடக் கவனமாகப் பார்க்க வேண்டியது எழுத்தை. இஸ்லாம் பாடக் கொப்பிகளில் குர்ஆன் வசனங்கள் இருக்கும். அவற்றை நான் பிரித்தெடுத்து, எழுத்து முற்றாகக் கரையும்வரை தனிப் பாத்திரத்தில் ஊறவைத்து, அந்த நீரைக் கால் படாத இடத்தில் ஊற்றுவேன். எங்களோடு வேலை செய்யும் சிங்களச் சகோதரி ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, தஹம் பாடசாலைக் கொப்பிகளின் பக்கங்களைத் தாமும் அவ்வாறே பிரித்து வைக்கத் தொடங்கினார். ஒருவர் புனிதமாகக் கருதுவது மற்றவரின் கையால் மிதிபடக் கூடாது என்பதில் எங்கள் வீட்டில் பேச்சு வார்த்தை தேவைப்படவில்லை.

கூழைத் தொட்டி நீரில் கலக்கிய பின் சட்டம் இறங்கும். ஜன்னலுக்கு அடிக்கும் நுளம்பு வலையை ஒரு மரச்சட்டத்தில் இழுத்து அடித்திருக்கிறோம். அதன் மேல் வெறுஞ்சட்டம் ஒன்றை வைத்து, இரண்டையும் சேர்த்து நீரில் அமிழ்த்தி, மட்டமாகத் தூக்கி, இடமும் வலமுமாக ஒருமுறை அசைக்க வேண்டும். நீர் வடிய, வலையின் மேல் மெல்லிய கூழ்ப் படலம் தங்கும். அதைப் பழைய படுக்கை விரிப்புத் துணியில் கவிழ்த்தால் அது ஒரு தாள். துணி, தாள், துணி, தாள் என்று அடுக்கி, இரு பலகைகளுக்கிடையே வைத்து, வாகனம் உயர்த்தும் ஜக்கினால் நெரித்தால் நீர் வெளியேறும். பின்பு துணியோடு கொடியில் காயப்போட வேண்டும். காய்ந்த தாளில் மரவள்ளி மாக்கஞ்சி பூசாவிட்டால் பேனை மை ஊறிப் பரவும். வாழை நார், வெங்காயத் தோல், தேயிலைச் சக்கை என்று எதைக் கூழில் சேர்க்கிறோமோ அதன் நிறமும் தன்மையும் தாளில் தெரியும்.

எங்கள் கணக்கில் முதலாளி வெயில்தான். பெப்ரவரி, மார்ச் மாதங்களில் காலையில் போட்ட தாள் மாலையில் காய்ந்துவிடும். ஒக்டோபர், நவம்பரில் லுஹருக்குப் பின் இடிமழை. அப்போது ஒரு தாள் காய நான்கு நாளும் ஆகும், பூஞ்சணமும் பிடிக்கும். குசினி அடுப்புக்கு மேல் கயிறு கட்டித் தாள்களைத் தொங்கவிடுவோம். அந்த மாதங்களில் எங்கள் கொப்பிகளில் சற்றுப் புகை வாசமும் இருக்கும். அது வேண்டுமென்றே கேட்டு வாங்குபவர்களும் உளர்.

விடுமுறை நாட்களில் தைப்பும் வெட்டும் என் பங்கு. நாணல் பேனையால் மணமக்களின் பெயர்களை அரபில் எழுதிக் கொடுப்பதும் நான்தான். அழைப்பிதழில் குர்ஆன் வசனம் எழுதித் தருமாறு பலர் கேட்பார்கள். விருந்து முடிந்த மறுநாள் அந்த அழைப்பிதழ் எங்கே கிடக்கும் என்று நான் திருப்பிக் கேட்பேன். விளங்கிக்கொள்பவர்கள் பெயரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். விளங்காதவர்கள் வேறு இடம் போகிறார்கள். வருடத்துக்கு இரண்டு மூன்று ஓடர்கள் இவ்வாறு கைநழுவுகின்றன.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய விடயத்துக்கு வருகிறேன். அது விலை.

என் மனைவி முதல் நாளிலிருந்தே ஒரு சீ.ஆர். கொப்பியில் கணக்கு எழுதி வருகிறாள். ஒவ்வொரு பக்கத்திலும் நடுவே ஒரு கோடு. ஒரு பக்கத்துக்கு ‘கடதாசி’ என்றும் மறு பக்கத்துக்கு ‘கை’ என்றும் தலைப்பு. கடதாசியின் கீழே தாள், அட்டை, துணி, நூல், பசை ஆகியவற்றின் செலவு. கையின் கீழே நிமிடங்கள். மணிக்கூட்டைப் பார்த்து எழுதிய நிமிடங்கள்.

உதாரணமாக, ஒரு சிறிய கொப்பியை எடுத்துக்கொள்வோம். உள்தாள் அச்சகத்தில் வாங்கிய ஓரத்துண்டு. மேலுறை எங்கள் கைத்தாள். அந்த ஒரு தாளை எடுத்துக் கஞ்சி பூசி முடிக்க 15 நிமிடம். உள்தாள்களை மடிக்க 10, துளையிட 5, தைக்க 20, அட்டை கட்ட 15, ஓரம் வெட்ட 5. மொத்தம் 70 நிமிடம். எங்களூரில் ஒரு பெண்ணுக்கு எட்டு மணி நேர வேலைக்கு 1,600 ரூபாய் கூலி என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 200. ஆகவே கையின் பங்கு 233 ரூபாய். பொருட்செலவு 190. பழுதாகிப் போவதற்கும் பஸ் செலவுக்கும் 40. கூட்டினால் 463 ரூபாய் அடக்க விலை. இதில் இலாபம் இன்னும் சேரவில்லை.

கடைக்காரர் கொப்பியைப் புரட்டிப் பார்த்து, "நல்லா இருக்கு மவ்லவி, நானூறுக்குத் தாங்க" என்பார். அந்த 63 ரூபாய் எங்கிருந்து குறையும்? அச்சகத்தார் குறைக்க மாட்டார். நூல் விற்பவர் குறைக்க மாட்டார். பஸ் நடத்துநரிடம் பேரம் பேச இயலாது. குறையக்கூடிய இடம் ஒன்றுதான், அது கை. தைத்தவளின் இருபது நிமிடத்தை ஒரு நிமிடமாகக் கணக்கிட்டால் கொப்பி நானூறுக்கு வந்துவிடும்.

ஒரு திருமண வீட்டார் எங்கள் வீட்டு விறாந்தையில் அமர்ந்து, "வெறும் கடதாசிதானே, இவ்வளவு சொல்றீங்களே" என்றார்கள். அவர்கள் போன பின் மனைவி சொன்னாள்: "கடதாசிக்கு வெல கேக்கிறாங்க. கைக்கு ஒருத்தரும் கேக்கிறல்ல."

இதைப் பெண்களின் வேலை என்பதாலேயே பலர் இலகுவாக எண்ணுகிறார்கள். வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் செய்வதுதானே என்பது அவர்கள் வாதம். ஐந்து வேளைத் தொழுகை, மூன்று வேளைச் சமையல், பிள்ளைகளின் பாடம், மாமியாரின் மருந்து ஆகியவற்றுக்கிடையே தைக்கும் ஒரு பெண்ணுக்குச் சும்மா இருக்கும் நேரம் எது என்று நான் தேடிப் பார்த்ததுண்டு. எனக்கு அகப்படவில்லை.

2022ஆம் ஆண்டு இந்தக் கணக்குக் கொப்பிக்கு ஒரு சோதனையாக வந்தது. அவ்வாண்டு மார்ச்சில் டொலர் தட்டுப்பாட்டால் கடதாசி இறக்குமதி முடங்கியது. மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சை வைக்கத் தாளும் மையும் இல்லை என்று அறிவித்தார்கள். பத்திரிகைகள் சில சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்தின. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. நாங்கள் வாங்கும் தாளின் விலை சில மாதங்களில் மூன்று மடங்குக்கும் மேலானது. மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. பிளெண்டர் ஓடவில்லை. உம்மா காலத்து உரலையும் உலக்கையையும் கழுவி எடுத்து, கூழை இடித்தோம். ஒரு காலத்தில் இந்நாட்டுக்கு வாழைச்சேனையில் வைக்கோலிலிருந்து கடதாசி செய்யும் ஆலை இருந்ததை அப்போது பலரும் நினைத்துப் பார்த்தார்கள்.

விசித்திரம் என்னவென்றால், தாள் கிடைக்காத அந்த நாட்களில் எங்கள் கைத்தாளை நாடி ஆட்கள் வந்தார்கள். ஆனால் வாங்க அவர்களிடமும் காசு இல்லை. திருமணங்கள் சுருங்கின. அழைப்பிதழ் கைத்தொலைபேசியில் போய்ச் சேர்ந்தது. நகரத்துக் கடையொன்று எங்களிடம் விற்பனைக்கு எடுத்த சாமான்களுக்கு எட்டு மாதமாகக் காசு தரவில்லை.

எங்களிடம் அப்போது இரண்டு பெண்கள் வேலை செய்தார்கள். ஒருவர் மேலே சொன்ன சிங்களச் சகோதரி. மற்றவர் கணவனை இழந்த ஓர் இளம்பெண், இரண்டு பிள்ளைகளின் தாய். அவ்வாண்டு மட்டும் மூன்று இலட்சத்துக்கும் அதிகமான இலங்கையர் வேலை தேடி வெளிநாடு சென்றார்கள். அந்தப் பெண்ணும் கடவுச்சீட்டு எடுத்துவிட்டார். வீட்டுப் பணிக்காக மத்திய கிழக்குக்குப் போவதென்றும், பிள்ளைகளை உம்மம்மாவிடம் விடுவதென்றும் ஏற்பாடு. சின்னவனுக்கு அப்போது நான்கு வயது.

"ராத்தா, நீங்க பாதிக் கூலி தந்தாலும் பரவாயில்ல, நான் இருக்கிறேன்" என்று அவர் மனைவியிடம் சொன்னார். எனக்குத் தெரிந்த எந்தத் தொழிலதிபரும் அந்த வார்த்தையை அன்று மகிழ்ச்சியோடு ஏற்றிருப்பார். மனைவி ஏற்கவில்லை. பாதிக் கூலியில் அவர் மூன்று மாதம் இருப்பார், பின்பு பிள்ளைகளின் பசி அவரை விமானத்தில் ஏற்றிவிடும் என்று சொன்னாள். கணக்குக் கொப்பியில் கையின் பக்கத்தை மாற்றவும் இல்லை. மாறாக, செய்யும் பொருட்களை மாற்றினாள். ஆடம்பர அழைப்பிதழை நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் பாவித்த தாள்களைத் திருப்பிக் கட்டி மாணவர்களுக்குப் பயிற்சிக் கொப்பி செய்தோம். மருந்துக் கடைக்குச் சிறிய கடதாசிப் பைகள் செய்தோம். வேலை நாட்கள் வாரத்துக்கு ஐந்திலிருந்து மூன்றாகக் குறைந்தன. நாட்கூலி குறையவில்லை.

அப்படியிருந்தும் அந்த ரமழானின் இறுதியில் கூலி கொடுக்கக் கையில் காசு இருக்கவில்லை. மே 3ஆம் திகதி பெருநாள். என் சம்பளம் வீட்டுச் சாமானுக்கும் பால்மாவுக்கும் போதாமல் இருந்தது. மனைவி தனது சோடிக் காப்பில் ஒன்றைக் கழற்றி என்னிடம் தந்தாள். நான் தயங்கியபோது, "ஒத்தக் காப்பு போட்டா யாரும் சிரிக்க மாட்டாங்க. பெருநாளைக்கு அந்தப் புள்ளைகளுக்கு உடுப்பு இல்லாட்டித்தான் எனக்குச் சிரிக்க ஏலாது" என்றாள். விற்றுக் காசைக் கொண்டு வந்தேன். பெருநாளுக்கு மூன்று நாள் முன்பு இருவருக்கும் முழுக் கூலி கிடைத்தது. கூலியைத் தாமதியாமல் கொடுக்கும்படி கூறும் நபிமொழியை நான் மிம்பரில் பலமுறை விளக்கியிருக்கிறேன். அதன் எடை ஒரு தங்கக் காப்பின் எடை என்பதை அன்று என் கையில் உணர்ந்தேன்.

கடைக்காரரின் நிலுவை பின்னர் தவணை தவணையாக வந்து சேர்ந்தது. அதற்குக் காரணம் என் கெட்டித்தனம் அல்ல, அந்த சீ.ஆர். கொப்பிதான். ஒவ்வொரு தடவையும் சாமான் கொடுத்தபோது திகதி, எண்ணிக்கை, விலை, தவணை நாள் ஆகியவற்றை எழுதி அவரது கையொப்பத்தையும் மனைவி வாங்கி வைத்திருந்தாள். குர்ஆனிலுள்ள மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அல்ல, கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. தெரிந்தவர்தானே, எழுதிக் கேட்டால் மனம் நோகுமே என்று நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள். எழுதியதால் நோகும் மனத்தை விட, எழுதாததால் முறியும் உறவுகளே அதிகம். அந்தக் கடைக்காரரோடு இன்றும் எமக்கு ஸலாம் உண்டு. எழுத்து இருந்ததால் வாக்குவாதம் இருக்கவில்லை.

அந்த இளம்பெண் போகவில்லை. இன்றும் எங்கள் தொட்டியருகே நின்று சட்டம் தூக்குபவர் அவர்தான். எங்களில் யாரை விடவும் மெல்லிய, சீரான தாள் அவர் கையில்தான் வரும். அவரது கடவுச்சீட்டு இன்னும் அவர் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. எங்கள் தொழில் அவரை நிரந்தரமாகக் காப்பாற்றிவிட்டது என்று நான் பெருமை பேச மாட்டேன். இரண்டு மாதம் ஓடர் இல்லாவிட்டால் அந்த அலுமாரி திறக்கப்படும். சின்னவன் இப்போது பாடசாலை போகிறான். அவன் எழுதும் கொப்பி அவன் உம்மா கட்டியது.

இப்போது எங்கள் மூத்த மகளும் உயர்தரம் முடித்துவிட்டு உம்மாவுடன் வேலையில் இறங்கியிருக்கிறாள். "மவ்லவியின் மகள் கடதாசி வெட்டுகிறாளாமே" என்று சிலர் அனுதாபத்தோடு விசாரிக்கிறார்கள். நல்லெண்ணத்தில்தான் கேட்கிறார்கள் என்று கொள்கிறேன். அவளோ உம்மாவின் கணக்குக் கொப்பியில் மூன்றாவதாக ஒரு கோடு இழுத்திருக்கிறாள். ‘சேமிப்பு’ என்பது அதன் தலைப்பு. ஒவ்வொரு கொப்பி விற்கும்போதும் இருபது ரூபாய் அதில் ஏறுகிறது. அது மழை மாதங்களுக்கும் வேலை இல்லாத வாரங்களுக்கும் அந்த இரண்டு பெண்களுக்குரியது. இன்ஷா அல்லாஹ், இன்னொரு காப்பு கழற்றப்படாமல் இருக்க அது உதவட்டும்.

கைத்தொழில் செய்யும் பெண்கள் நமது ஊர்கள் எங்கும் இருக்கிறார்கள். பாய் பின்னுபவர்கள், உடுப்புத் தைப்பவர்கள், தொதல் கிண்டுபவர்கள், அப்பம் சுடுபவர்கள். அவர்களுக்கு நான் கூற விரும்புவது இதுதான்: ஒரு கொப்பியை எடுத்து நடுவே கோடு கிழியுங்கள். பொருளை ஒரு பக்கமும் உங்கள் நிமிடங்களை மறு பக்கமும் எழுதுங்கள். விலையைக் குறைக்க விரும்பினால் தாராளமாகக் குறையுங்கள், ஏழைக்கு இலவசமாகவும் கொடுங்கள். ஆனால் எதைக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள். தெரிந்து கொடுத்தால் அது தர்மம். தெரியாமல் போனால் அது நட்டம்.

வாங்குபவர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. பேரம் பேசுவது ஹராம் அல்ல. நானும் மீன் கடையில் பேசுபவன்தான். கையால் செய்த ஒரு பொருளை எடுத்து விலை கேட்கும்போது, அதைச் செய்ய எவ்வளவு நேரம் சென்றது என்பதையும் ஒரு வார்த்தை கேளுங்கள். பதிலைக் கேட்ட பின்பும் விலை அதிகம் என்று தோன்றினால் வைத்துவிட்டுப் போங்கள், செய்தவர் வருந்த மாட்டார். எடுப்பதென்று முடிவு செய்தால் காசை அன்றே கொடுத்துவிடுங்கள். அந்தக் காசுக்காக எங்கோ ஒரு வீட்டில் அரிசிப் பானை காத்திருக்கக் கூடும்.